ஜெராஷில் எங்கே நின்று பார்ப்பது?

ஜோர்டானின் வட பகுதியில் இருக்கும் ஜெராஷ், ரோமானியர் காலத்தில் கெராசா என்று அழைக்கப்பட்ட நகரம். டெக்கபோலிஸ் என்ற நகரக் கூட்டத்தில் ஒன்று. அங்கே போகத் திட்டமிடும் வாசகர்களும், போய் வந்தபின் சந்தேகம் தீராதவர்களும் கேட்டவை இந்த இதழில்.

கே: அம்மானில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் ஜெராஷ் போய் வர முடியுமா? ஒன்றரை மணி நேரத்தில் சுற்றிக் காட்டிவிடுவதாகச் சொல்கிறார்கள். அது போதுமா?

போய் வரலாம். அம்மானுக்கு வடக்கே சுமார் 48 கி.மீ. தூரம்தான். தபர்பூர் பேருந்து நிலையத்திலிருந்து சிற்றுந்துகள் கிளம்புகின்றன. குறித்த நேரம் கிடையாது. ஆள் நிரம்பினால்தான் வண்டி நகரும். திரும்பும் வண்டிகள் மாலையில் குறைந்துகொண்டே வரும், அதனால் இருட்டும்வரை உள்ளே இருந்துவிடாதீர்கள்.

ஒன்றரை மணி நேரம் போதாது. அந்த நேரத்துக்குள் நீள்வட்டச் சதுக்கம், தெற்கு அரங்கம், பெருவீதி, கிரேக்கப் பெண் தெய்வமான அர்தமிஸின் கோயில் ஆகியவற்றை ஓட்டமும் நடையுமாகப் பார்க்கலாம். ஆனால் மேற்கு மேட்டிலுள்ள பைசாந்திய (பிற்காலக் கிழக்கு ரோமப் பேரரசு) தேவாலயங்கள் மொத்தமாக விட்டுப்போகும். ரோமானிய நகரம் அடுத்த சில நூற்றாண்டுகளில் என்ன ஆனது என்பதைச் சொல்வதே அந்த மேடுதான். அது இல்லாமல் பாதிக் கதையோடு திரும்பி வருவீர்கள். குறைந்தது 4 மணி நேரம் ஒதுக்குங்கள்.

கே: எந்த வரிசையில் நடப்பது நல்லது?

பெரும்பாலான குழுக்கள் தெற்கு வாசலில் நுழைந்து, பெருவீதியில் நேராக வடக்கே போய், பிறகு மேட்டில் ஏறுகின்றன. ஏறும் நேரத்தில் வெயிலும் ஏறிவிடும், கால்களும் ஓய்ந்துவிடும். தேவாலயங்களை ஒதுக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

மேட்டை முதலில் முடியுங்கள். ஹாட்ரியன் வளைவு வழியாக வந்து, குதிரைப் பந்தயத் திடலை இடப்புறம் பார்த்துக்கொண்டே தெற்கு வாசலுக்குப் போங்கள். நீள்வட்டச் சதுக்கம், சீயஸ் கோயில், தெற்கு அரங்கம் இவற்றைப் பார்த்துவிட்டு, அரங்கத்தின் பின்னாலிருந்து மேட்டு வழியாகவே வடக்கே நடந்தால் தேவாலயங்கள், அடுத்து அர்தமிஸ் கோயில், அதற்கப்பால் வடக்கு அரங்கம். அங்கிருந்து இறங்கிப் பெருவீதியைப் பிடித்துத் தெற்கு நோக்கித் திரும்புங்கள். ஏற்றமெல்லாம் காலைக் குளிர்ச்சியிலேயே முடிந்துவிடும். கடைசியில் மிஞ்சுவது அநேகமாகச் சமதள நடை.

இதில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அர்தமிஸ் கோயில், நிம்ஃபேயம் என்ற நீரூற்று மண்டபம், பேராலய வாசல் மூன்றும் கிழக்குப் பார்த்தவை. உச்சிப்பொழுது தாண்டினால் சூரியன் அவற்றின் முதுகுப்பக்கம் போய்விடும், செதுக்கல்கள் நிழலில் மங்கிவிடும். காலை 8 மணிவாக்கில் தொடங்கினால் மதியத்துக்குள் இந்த மூன்றையும் வெளிச்சத்தில் பார்த்துவிடலாம்.

கே: வழிகாட்டி அவசியமா? அவரிடம் என்ன கேட்டு அமர்த்த வேண்டும்?

முதல்முறை போகிறவர்களுக்கு அவசியம் என்றே சொல்வோம். உரிமம் பெற்ற வழிகாட்டியாகப் பாருங்கள். கட்டணம், நேரம் இரண்டையும் கிளம்புமுன்னே பேசி முடித்துவிடுங்கள். அதோடு, "கோஸ்மாஸ், தமியான் தேவாலயத்தின் மொசைக் தரையையும் தண்ணீரால் இயங்கிய கல் அறுவை ஆலையையும் காட்டுவீர்களா?" என்று கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே அவர் கொடுக்கப்போகும் சுற்று எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

கே: வழிகாட்டி ஒரு சுவரைக் காட்டி ரோமானியம் என்கிறார், பக்கத்துச் சுவரைக் காட்டி பைசாந்தியம் என்கிறார். எனக்கு இரண்டும் ஒரே கல்லாகத்தான் தெரிகின்றன. எதை வைத்துப் பிரிப்பது?

கல் ஒன்றேதான், அதனால் குழப்பம் இயல்பு. உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லை வெட்டி ரோமானியர் காலத்தில் கட்டினார்கள். பைசாந்தியர் காலத்தில் பெரும்பாலும் புதிதாக வெட்டாமல், அந்தக் கட்டடங்களிலிருந்தே கல்லைப் பெயர்த்தெடுத்துக் கட்டினார்கள். ஆகையால் கல்லின் வயதைப் பார்க்காதீர்கள், அது அடுக்கப்பட்ட விதத்தைப் பாருங்கள்.

சுவரருகே போய் மூட்டுகளைக் கவனியுங்கள். பெரிய கற்கள், ஒரே உயர வரிசைகள், சாந்து இல்லாமலே கத்தி முனை நுழையாத இறுக்கம் என்றால் ரோமானிய வேலை. ஒரு வரிசையில் பெரிய கல், அடுத்ததில் சின்னது, இடைவெளியை அடைக்கச் சில்லுகள், நடுவில் சம்பந்தமே இல்லாமல் இலைக்கொடி செதுக்கிய ஒரு துண்டு பக்கவாட்டில் படுத்திருக்கிறது என்றால் பிற்காலம். அந்தச் செதுக்கல் துண்டு ஏதோ ஒரு கோயிலின் உத்தரத்திலிருந்து வந்தது.

தேவாலயங்களுக்குள் தூண்களே சொல்லிவிடும். ஒரே வரிசையில் நிற்பவை ஒரே பருமனில் இருக்காது, தூண் உச்சியிலுள்ள தலைப்புகளும் ஒத்துப்போகாது, குட்டையான தூணுக்கு அடியில் உயரமான பீடம் கொடுத்துச் சரிக்கட்டியிருப்பார்கள். அடுத்து, கிழக்குக் கோடியில் அரைவட்ட மாடம் இருக்கிறதா என்று தேடுங்கள். அதுதான் பலிபீடம் இருந்த இடம். அதன் முன்னே தரையில் நீளமாக ஒரு பள்ளக்கோடும், நடுநடுவே சதுரக் குழிகளும் தெரிந்தால், குருமார் பகுதியைப் பிரித்த கல் தடுப்பு நின்ற இடம் அது.

ஜெராஷ் பேராலயத்தில் பலரும் தடுமாறுவது இந்தக் கிழக்கு–மேற்கு விஷயத்தில்தான். பெருவீதியிலிருந்து பிரமாதமான படிக்கட்டில் ஏறிப்போனால், உச்சியில் கதவு இருக்காது, வெறும் சுவர்தான் இருக்கும். வழி தவறிவிட்டோம் என்று திரும்பிவிடாதீர்கள். பெருவீதி பேராலயத்துக்குக் கிழக்கே இருக்கிறது, தேவாலய வாசலோ மேற்கில். ஆக, படியேறி வருகிறவர்கள் பலிபீடத்தின் முதுகுப்பக்கம் வந்து நிற்கிறார்கள். அந்தச் சுவரில் சங்கு வடிவ மாடம் ஒன்று உண்டு. மரியாளுக்கும் மிக்கேல், கபிரியேல் தூதர்களுக்கும் உரிய சிறு வழிபாட்டிடம் அது. அதைப் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் சுற்றிப் போனால் ஊற்று முற்றமும் மேற்கு வாசலும் வரும். அந்த முற்றத்து ஊற்றில், இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர்த் திருமணத்தின் நினைவு நாளில் தண்ணீர் திராட்சரசமாக மாறுவதாக 4ஆம் நூற்றாண்டில் ஆயர் எபிபேனியஸ் எழுதி வைத்திருக்கிறார். முற்றத்துக்கும் மேலே, மேற்கில் இருப்பது 496இல் கட்டி முடித்த புனித தியோதோர் தேவாலயம்.

கே: கல் அறுவை ஆலை என்று ஒரு பலகை பார்த்தேன். கோயிலுக்குள் ஆலை எப்படி வந்தது?

ஜெராஷில் எங்களுக்கு மிகப் பிடித்த இடம் இது. பலர் பலகையைக்கூடப் படிக்காமல் தாண்டிப் போகிறார்கள்.

6ஆம் நூற்றாண்டில் அர்தமிஸுக்கு வழிபாடு நின்றுபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. கோயில் வளாகத்தின் தெற்குப் பக்க அறை ஒன்றில் செங்குத்தான நீர்ச்சக்கரம் ஒன்றைப் பொருத்தினார்கள். சக்கரத்தின் அச்சு இரு பக்கமும் நீண்டிருக்க, இரு முனைகளிலும் கிராங்க் என்ற வளைகைப்பிடி, அதிலிருந்து ஒரு இணைப்புத் தண்டு, தண்டின் மறுமுனையில் ரம்பச் சட்டம். சக்கரம் சுற்றச் சுற்றச் சட்டம் முன்னும் பின்னும் போய்வரும். ஒரு சட்டத்தில் 4 அறுக்கும் அலகுகள், இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே நேரத்தில் இரண்டு தூண் துண்டுகளை அறுத்திருக்கிறார்கள்.

அலகுகளுக்குப் பல் கிடையாது. இரும்புப் பட்டைதான். மணலும் தண்ணீரும் இடுக்கில் விழுந்துகொண்டே இருக்க, பட்டை அந்த மணலைக் கல்மேல் தேய்க்கும். கல்லை அறுப்பது மணல். இன்றைக்கும் அங்கே பாதி அறுபட்ட தூண் துண்டுகள் கிடக்கின்றன. குனிந்து அந்த வெட்டுக்குள் பாருங்கள். ஒன்றுக்கொன்று இணையாக நான்கு ஒல்லியான பள்ளங்கள், உட்சுவர் உளியடித்த தடம் இல்லாமல் வழவழவென்று இருக்கும். நான்கு வெட்டும் ஒரே ஆழத்தில் இறங்கியிருப்பதிலிருந்துதான், அலகுகள் ஒரே சட்டத்தில் பூட்டப்பட்டிருந்தன என்று ஆய்வாளர்கள் கண்டுகொண்டார்கள். பக்கத்திலேயே ஆலையை மறு உருவாக்கமும் செய்து வைத்திருக்கிறார்கள்.

ஆக, கோயில் தூணைப் பலகை பலகையாக அறுத்துத் தரைக்கும் சுவருக்கும் பதிக்கும் கல்லாக்கும் வேலை அங்கே நடந்திருக்கிறது. சுழலும் சக்தியை முன்பின் அசைவாக மாற்றிய இயந்திரத்துக்கு மிகப் பழைய தொல்லியல் சான்றுகளில் இதுவும் ஒன்று. 10 நிமிடமாவது இங்கே நில்லுங்கள்.

கே: அர்தமிஸ் கோயில் தூண் ஆடுகிறது என்று கரண்டியைச் செருகிக் காட்டினார்கள். உண்மையா, வேடிக்கையா? ஆடும் தூண் ஏன் விழவில்லை?

உண்மைதான். தூண் ஒரே கல்லாலானது இல்லை. உருளைத் துண்டுகளைச் சாந்து வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. காற்று அடிக்கும்போது உச்சி இம்மியளவு அசைகிறது, அடி மூட்டின் ஒரு விளிம்பு மயிரிழை திறந்து மூடுகிறது. அந்த இடுக்கில் செருகிய கரண்டியின் காம்பு நெம்புகோல்போல அந்தச் சிறு அசைவைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

ஆடுவதால்தான் அது நிற்கிறது என்றே சொல்லலாம். நிலம் குலுங்கும்போது ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் திறந்து, கொஞ்சம் வழுக்கி, அதிர்ச்சியைத் தனக்குள் தின்றுவிடுகிறது. விறைப்பாக ஒட்டியிருந்தால் எங்காவது ஓரிடத்தில் முறிந்திருக்கும். சுமார் கி.பி. 150இல் வேலை தொடங்கிய கோயில் இது. முகப்பு மண்டபத்தின் 12 தூண்களில் 11 இன்னும் நிற்கின்றன.

கரண்டி செருகுவதை நாங்கள் ஊக்குவிக்க மாட்டோம். நாள்தோறும் அதே இடுக்கில் உலோகம் நுழைந்தால் கல்லின் விளிம்பு உதிரும். காற்று வீசும் நேரத்தில் விரல் நுனியை மூட்டின்மேல் லேசாக வைத்தாலே அசைவு தெரியும். தூணைக் கையால் தள்ளிப் பார்க்கவே கூடாது.

கே: நீள்வட்டச் சதுக்கம் ஏன் வட்டமாகவோ சதுரமாகவோ இல்லை?

சீயஸ் கோயில் பார்க்கும் திசையும் பெருவீதி ஓடும் திசையும் ஒரே கோட்டில் வரவில்லை. இரண்டையும் நேராக இணைத்தால் சந்திப்பில் கோணல் கண்ணை உறுத்தும். சுமார் 90 மீட்டருக்கு 80 மீட்டர் அளவில் ஒரு நீள்வட்டத்தை இடையில் வைத்து அந்தக் கோணலை மறைத்துவிட்டார்கள். நடுவில் நின்று தரையைப் பாருங்கள்: தளக்கற்களும் தூண் வரிசையோடு சேர்ந்தே வளைந்து ஓடும். சுற்றிலும் சுருள் தலைப்புள்ள 56 அயோனியத் தூண்கள். நடுவிலுள்ள ஒற்றைத் தூண் நம் காலத்தில், ஜெராஷ் கலைவிழாவின் சுடருக்காக நிறுத்தப்பட்டது.

கே: பெருவீதியில் கவனிக்க என்ன இருக்கிறது? இருபுறமும் தூண்தானே?

கார்தோ எனப்படும் இந்த வீதி சுமார் 800 மீட்டர். தூண்களைப் பிறகு பார்க்கலாம், முதலில் தரை. தளக்கற்கள் வீதிக்குக் குறுக்காகப் பதிக்கப்படவில்லை, மூலைவாட்டில் பதிந்திருக்கின்றன. வண்டிச் சக்கரம் ஒவ்வொரு மூட்டையும் சாய்வாகக் கடப்பதால் தூக்கிப்போடாது, கல்லின் விளிம்பும் சீக்கிரம் உடையாது. இருந்தும் சக்கரத் தடங்கள் ஆழமாகவே விழுந்திருக்கின்றன. வட்டமான கல் மூடிகளைக் கண்டால் காது வைத்துக் கேட்க வேண்டாம். ஒரு காலத்தில் அடியில் ஓடிய சாக்கடையின் வாய்கள் அவை.

இனித் தூண்கள். 2ஆம் நூற்றாண்டில் வீதியை அகலப்படுத்தியபோது, சுருள் தலைப்புள்ள அயோனியத் தூண்களை எடுத்துவிட்டு இலைக்கொத்துத் தலைப்புள்ள கொரிந்தியத் தூண்களை நிறுத்தினார்கள். அந்த வேலை வடக்குக் கோடிவரை போகவில்லை. வடக்குச் சந்தி மண்டபத்துக்கும் வடக்கு வாசலுக்கும் இடையில் பழைய ஒடுக்கமான வீதியும் அயோனியத் தூண்களும் அப்படியே இருக்கின்றன. வடக்கு அரங்கத்திலிருந்து இறங்கி வரும்போது முதலில் வலப்பக்கம் பார்க்காமல் இடப்பக்கம் சில அடி நடந்து இதைக் கண்டுவிட்டுத் திரும்புங்கள். தெற்கே வரும்போது சில இடங்களில் தூண்கள் திடீரென உயரும். பின்னாலிருந்த கட்டடத்தின் முகப்புக்கு ஏற்ப உயர்த்தியது அது. சந்தைக் கட்டடம் எங்கே, நீரூற்று மண்டபம் எங்கே என்று தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம்.

நீரூற்று மண்டபம் கி.பி. 191இல் வந்தது. கீழ்ப்பகுதியில் பளிங்குப் பலகை, மேலே வண்ணச் சாந்துப் பூச்சு என்று இருந்தது. பூச்சின் மிச்சம் இன்னும் தெரிகிறது. சிங்கத் தலைகளின் வழியே தண்ணீர் கொட்டிய துளைகளைத் தேடுங்கள். முன்னால் தரையில் நான்கு மீன்கள் முகத்தோடு முகம் வைத்திருக்கும் ஒரு கல் கிடக்கும். மீன்களின் கண்கள்தான் தண்ணீர் வடியும் ஓட்டைகள்.

கே: மொசைக் தரைகளில் சில இடங்களில் உருவங்கள் சிதைந்திருக்கின்றன, ஒரு தேவாலயத்தில் மட்டும் முழுமையாக இருக்கின்றன. காரணம் என்ன?

நீங்கள் பார்த்தது மூன்று தேவாலயங்களும் ஒட்டி நிற்கும் வளாகம். 529 முதல் 533 வரை கட்டியவை. வடக்கே கோஸ்மாஸ், தமியான் (இரு புனிதர்களுக்கும் ஒரே தேவாலயம்), நடுவில் வட்ட வடிவில் யோவான், தெற்கே ஜார்ஜ். 8ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியின் பல தேவாலயங்களில் மனித, விலங்கு உருவங்களைத் தரையிலிருந்து பெயர்த்தெடுத்தார்கள். கோஸ்மாஸ், தமியான் தரை அதற்கு முன்பே இடிபாட்டு மண்ணுக்குள் புதைந்துபோனதால் தப்பியது. தேவாலயப் பணியாளர் தியோதோரும் அவர் மனைவி ஜார்ஜியாவும் காணிக்கை கொடுத்தவர்களாக அதில் இருக்கிறார்கள்.

தரைக்குள் இறங்க விடமாட்டார்கள், சுவரோரம் நின்று மேலிருந்துதான் பார்க்க வேண்டும். அதுவே நல்லது, கட்டங்களின் ஒழுங்கு மேலிருந்துதான் புரியும். தூசி படிந்து மங்கலாகத் தெரிந்தால் சிலர் பாட்டிலில் இருக்கும் தண்ணீரைத் தெளித்து நிறத்தை எழுப்புகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தண்ணீர் அடிச்சாந்துக்குள் இறங்கி அங்குள்ள உப்பைக் கரைக்கிறது. காயும்போது அந்த உப்பு மேலே வந்து படிகமாகி, சிறு கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவிடுகிறது.

கே: அரங்கத்தில் கிசுகிசுத்தாலும் கேட்கும் என்பது எந்த இடத்தில்?

தெற்கு அரங்கத்தின் அரைவட்டத் தரையில் மையப் புள்ளியில் நின்று இயல்பான குரலில் பேசுங்கள். கத்த வேண்டாம். ஒரு அடி தள்ளிப் போய் அதையே பேசினால் வித்தியாசம் உங்களுக்கே கேட்கும். இருக்கைகளுக்குக் கீழே தடுப்புச் சுவரில் வட்டமான குழிகள் வரிசையாக இருக்கும். ஒருவர் ஒரு கோடியில் முகத்தை வைத்துப் பேச, மற்றவர் மறுகோடியில் காதை வைத்தால் சொல் தெளிவாக வரும். குழு இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள். சுமார் 3000 பேர் அமரக்கூடிய அரங்கம்; கீழ் வரிசை இருக்கைகளில் கிரேக்க எழுத்தில் இட எண்கள் உண்டு.

கே: அப்பாவுக்கு 70 வயது, முழங்கால் வலி. அவரை அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போங்கள், ஆனால் மேடு வேண்டாம். தெற்கு வாசல், நீள்வட்டச் சதுக்கம், அங்கிருந்து பெருவீதியில் நிம்ஃபேயம்வரை போய்த் திரும்பினால் போதும். அர்தமிஸ் படிக்கட்டையும் பேராலயப் படிக்கட்டையும் கீழிருந்தே பார்க்கட்டும். அரங்கப் படிகள் செங்குத்து, கைப்பிடி எதிர்பார்க்க முடியாது. சக்கரத் தடமும் கல் விளிம்பும் கால் தடுக்கும், தேய்ந்த சுண்ணாம்புக்கல் மழை நாளில் சோப்புபோல வழுக்கும். ரப்பர் அடி உள்ள மூடிய காலணி கட்டாயம். நிழல் மிகக் குறைவு. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி. கழிப்பறையை நுழைவாயில் பக்கத்திலேயே பயன்படுத்திவிட்டு உள்ளே போங்கள். ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர் சரியான காலம்.

கே: ஜோர்டான் பாஸ் வாங்கினால் இங்கே தனி டிக்கெட் வேண்டுமா?

வேண்டாம். பல தொல்லிடங்களுக்குமான அந்தக் கூட்டு நுழைவுச்சீட்டில் ஜெராஷும் சேர்ந்தது. பெட்ரா தொல்நகரில் எத்தனை நாள் என்பதைப் பொறுத்து 70, 75, 80 தினார் என்று மூன்று வகை. நாட்டுக்குள் நுழையுமுன் இணையத்தில் வாங்கி, குறைந்தது 3 இரவு தங்கினால் 40 தினார் விசா கட்டணமும் கிடையாது. ஜெராஷை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இது லாபமில்லை.

கே: இவ்வளவு பெரிய நகரில் வீடுகளே கண்ணில் படவில்லையே. மக்கள் எங்கே வாழ்ந்தார்கள்?

நகரத்தின் நடுவே ஓடும் ஆற்றுக்குக் கிழக்கே. நீங்கள் நடந்தது மேற்குக் கரை; கோயில், அரங்கம், தேவாலயம் எல்லாம் இந்தப் பக்கம். குடியிருப்புகளில் பெரும்பகுதி எதிர்க்கரையில் இருந்தது, அதன்மேல்தான் இன்றைய ஜெராஷ் நகரம் நிற்கிறது. 749இல் வந்த நிலநடுக்கம் நகரத்தைச் சரித்துப்போட்டது. பிறகு குடியிருப்பு சுருங்கிக்கொண்டே போயிற்று. 1878இல் காக்கசஸ் மலைப்பகுதி மக்களான சர்க்காசியர்கள் வந்து குடியேறியபின் கிழக்குக் கரை மறுபடி ஊரானது. மேற்குக் கரை இவ்வளவு முழுமையாகக் கிடைத்ததற்கு அவர்கள் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் வீடு கட்டியதும் ஒரு காரணம்.

ஊருக்குத் திரும்பும் வழியில் கடைத்தெருவை ஒட்டி, கட்டடங்களுக்கு நடுவே பிரம்மாண்டமான கல் மதில்கள் நிற்கும். அவை கிழக்குக் குளியல் மண்டபம். ரோமானியர் குளித்த அந்தக் கூடத்தைச் சுற்றி இன்று காய்கறி வண்டிகள் போய்வந்துகொண்டிருக்கும்.